யார் பேரைக் குத்தணும்?

பச்சை குத்துகிற தொழிலில் ஊசியால் வாடிக்கையாளருக்கு வலி ஒரு மணி நேரம். வாடிக்கையாளரால் எனக்கு வலி நாள் முழுக்க.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் என் கடை. குழந்தைக்குக் காது குத்த நாள் பார்க்கிறோம். மொட்டை போட குலதெய்வம் கோயில் வரைக்கும் போகிறோம். சாகிறவரை உடம்பில் இருக்கப்போகிற ஒன்றுக்கு மட்டும், கீழே வர்க்கி வாங்குகிற நேரம் போதும் என்று நினைத்து மாடி ஏறி வருகிறார்கள். பொதுமக்களை நம்பிப் பிழைக்கிற அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

வேன் கிளம்பப் போகுது

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. அவன் கையில் அவள் பெயர், அவள் கையில் அவன் பெயர். அரை மணியில் வேன் கிளம்புமாம். வெளியே பனி மூட்டம், இரண்டு பேரும் அரைக்கை பனியன். குளிரில் மயிர்க்கூச்செறிந்து நிற்கிற தோலில் கோடு நேராக வராது, ஹீட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றேன். "பேரு தெரிஞ்சா போதும், கோணலா இருந்தா பரவால்ல" என்றான் மாப்பிள்ளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்களுக்கு முன்னாலேயே ஓர் அக்கா பெஞ்சில் காத்திருந்தார். பெயர் இந்திராணி. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முறைப்படி அவருக்குத்தான் முதலில் என்று நான் கறாராகச் சொன்னேன். அதற்குள் புதுப்பெண் அவரிடம் போய்க் கெஞ்ச, காத்திருந்தால் திரும்புகிற பஸ் போய்விடும் என்று அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்று படிக்கட்டு வரைக்கும் போய்ச் சண்டை பிடித்தேன். "அவுங்க ஊருக்குப் போற ஆளுங்க தங்கச்சி, நான் எங்க போகப்போறேன்?" என்றார்.

பட்டாளத்துக் கை

அடுத்த வாரம் எமரால்டு கிராமத்திலிருந்து ஓர் இளைஞர். காய்கறித் தோட்டத்தில் அப்பாவோடு வேலை பார்க்கிறவர். வலது புஜத்தில் துப்பாக்கியும் தேசியக்கொடியும் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால், மறுநாள் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போகிறாராம்.

அந்த இடத்தில் பச்சை இருந்தால் உடம்பைச் சோதிக்கிறவர்களே திருப்பி அனுப்பிவிடக்கூடும், சேர்ந்த பிறகு கேட்டுக்கொண்டு வா என்றேன். நம்பவில்லை. தேசபக்திக்கு நான் தடை போடுவதாக மாடியே அதிரக் கத்தினார். உன் பிழைப்பு கெடக்கூடாது என்றுதானே சொல்கிறேன் என்று நானும் கத்தினேன். போகும்போது திரும்பி நின்று கேட்டார்: "ஏனுங்க, கல்யாணத்துக்கு முந்தியே பொண்ணு பேரைக் குத்துறவனுக்கெல்லாம் குத்தி உடுறீங்க, எனக்கு மட்டும் சட்டமா?"

துரையிடம் கேட்க வேண்டியது

இந்திராணி அக்கா மறுபடி வந்தபோது ஐப்பசி மழை பிடித்திருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. ஆனந்தமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: புண் ஆற இரண்டு வாரம் ஆகும், அதுவரை கை மழையில் ஊறக்கூடாது, இலைச் சாறு, கறை எதுவும் படக்கூடாது.

அவர் தன் கையைப் பார்த்தார். பறித்துப் பறித்துக் கறுத்த விரல்கள். மழையானாலும் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போயாக வேண்டும். இரண்டு வாரம் லீவு கேட்டுப் பாருங்களேன் என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அறிவில்லாத யோசனை என்று உறைத்தது. டூரிஸ்டு வந்தால் வேன் நிற்கமாட்டேன் என்கிறது, இவர் வந்தால் மழை நிற்கமாட்டேன் என்கிறது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவர் மட்டும் சிரித்தார். "லீவு கேக்குறதுக்குப் பதிலா மழைய நிறுத்தச் சொல்லி எஸ்டேட் தொரைகிட்ட கேக்கலாம், அது லேசு" என்றார்.

கிழக்கு எந்தப் பக்கம்?

தை பிறந்து, வெயில் காய்ந்து, கொழுந்தும் குறைந்த பிறகு மூன்றாம் முறை வந்தார். தலைக்குக் குளித்து, பூ வைத்து, திருவிழாப் புடவை கட்டியிருந்தார். யார் பேர் என்று கேட்டேன். புருஷன், பிள்ளை, சாமி, இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். "இந்திராணி" என்றார். உங்கள் பேரேவா என்றேன்.

"குடியிருக்குற லயத்துல நான் தங்கராசு பொஞ்சாதி. பள்ளிக்கூடத்துல ரமேஷ் அம்மா. மலையில 'ஏய், மூணாவது நெரை'ன்னு சத்தம் வரும். எங்கப்பா ஆசையா வச்ச பேரு இது, தங்கச்சி. சிலோன்லயிருந்து எங்க குடும்பம் கப்பல்ல வந்த வருசம் பொறந்தேன்" என்றார். பிறகு கிழக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டேன். முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக, அவர் தலைகுனிந்தால் நேராகப் படிக்கிற மாதிரி குத்தினேன். மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி எழுதவா என்று முதலில் கேட்டிருந்தேன். "மத்தவுங்க எங்க கூப்புட்டாங்க? நான் பாத்தா போதும்" என்றார்.

தொலைந்து போனால்

ஒரு வாரம் கழித்து தங்கராசு வந்தார். கதவைத் தட்டவில்லை, இடித்தார். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்றார்.

அவங்க கை, அவங்க பேர் என்றேன். உங்கள் கையில் அவங்க பேரைக் குத்தட்டுமா, இப்பவே உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினேன். ஆம்பளை கையில் பொம்பளை பேரா என்று பின்னால் நகர்ந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. இருந்த கோபத்துக்கு ஊசியை எடுத்துக் காட்டியிருப்பேன். ஆனால் மனிதர் நியாயம் கேட்பதாகவே நம்பினார். "ஏம்மா, நாளைக்கு அவ எங்கியாச்சும் தொலைஞ்சு போயிட்டா, அவ பேரைப் பாத்து எந்த ஊட்டுல கொண்டாந்து விடுவாங்க?" என்றார்.

மழை

மாசி கடைசியில் அக்கா வந்தார். முகம் வாடியிருந்தது. வீட்டில் தினமும் சண்டையாம். அவர் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிதாக, தங்கராசு என்று குத்திக்கொண்டுதான் திரும்ப வேண்டுமாம்.

முடியாது என்று ஒரு நிமிஷம் பொரிந்து தள்ளினேன். அவர் காதில் வாங்காமல் டீயைக் குடித்து முடித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ரோட்டில் புழுதி பறந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். அவர் பையிலிருந்து குடையை எடுத்தார். "பச்சை குத்துனா கை நனையக் கூடாதுன்னு நீதானே சொன்ன? மழை விட்டதும் நீ வரச் சொன்னதா அவர்கிட்ட சொல்லிக்கிறேன் தங்கச்சி" என்றார்.

அன்றிலிருந்து என் கடைக் கணக்குப்படி கீழ் கோத்தகிரியில் மழை இன்னும் விட்டபாடில்லை.