மூணு வேளைச் சோறு

அருள்மொழி அரசுத் தேர்வில் தேறிவிட்டாள் என்றதும் குமராட்சியில் எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. கணவன் விபத்தில் போன பிறகு, மினிபஸ் பிடித்துச் சிதம்பரம் போய், ஜவுளிக்கடையில் பொழுதெல்லாம் நின்று மகளை வளர்த்தவள். எப்போதுதான் படித்தாளோ, எனக்கு இன்னும் புரியவில்லை. அவள் எடுத்த மதிப்பெண்ணுக்கு, ஆதரவற்ற விதவைகளுக்கான ஒதுக்கீட்டில் இளநிலை உதவியாளர் வேலை நிச்சயம். ஆதரவு யாருமில்லை என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும்.

விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வந்தார். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. "ஒங்களுக்கு ஆதரவுன்னு யாரும் இல்லையாம்மா?" என்று சத்தமாகவே கேட்டார். பக்கத்து வீட்டிலிருந்து அவளுடைய அண்ணன் மணவாளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"யாரு சார் நாதியத்தவ? நான் என்னா செத்தா பூட்டேன்? மூணு வேளையும் எங்க ஊட்டு சோறுதான் சாப்புடுறா."

பச்சைப் பொய். பொங்கலுக்கு ஒரு புடவை. அதைத் தவிர அந்த வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வந்ததில்லை. நாலு பேர் முன்னால் அண்ணனைப் பொய்யன் என்று சொல்ல அருள்மொழிக்கு வாய் வரவில்லை. சான்றிதழ் கிடைக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். தங்கையைத் தான் ஆதரிக்கவில்லை என்று அண்ணன் எழுதிக் கொடுத்தால் மறுபடி விசாரிப்பதாகச் சொன்னார்கள். அவனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"கூடப் பொறந்தவள கை உட்டவன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? ஊருக்குள்ள எப்படி தல நிமிந்து நடப்பேன்?" என்றான் அந்த மானஸ்தன்.

கெடு முடிந்தது. வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அவளும் கஷ்டப்பட்டவளாகத்தான் இருப்பாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் அருள்மொழி கடைக்குப் போகவில்லை. மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குள் போனாள். தானே இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மூணு வேளையும் சோறு போடுறன்னு சொன்னியேண்ணே. போடு."

அவன் வாசலைப் பார்த்தான். தெருவே அங்கே நின்றிருந்தது.

"எந்தங்கச்சிக்கு சோத்தப் போடுடி!" என்று எங்களுக்கெல்லாம் கேட்கும்படி மனைவியை அதட்டினான். அவள் போட்டாள். அருள்மொழி அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

பொழுது சாய்ந்ததும் மகளோடு மறுபடி வந்தாள். தெருவில் அப்போது ஆள் இல்லை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.