பன்னிரண்டு புள்ளி ரெண்டு

குடியாத்தத்து லுங்கிக்காரர் வீட்டுப் பெண் பூர்ணிமா, ஆம்பூர் தோல் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதப் போனபோது, “தறியை வுட்டுட்டு தோலுக்குப் போறாளே” என்று தெருவே வாய் ஓயாமல் பேசியது. ஆறு வருஷமாகிவிட்டது. தெருவுக்கு இன்னும் வாய் வலிக்கவில்லை.

அவள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் உண்டு. பெயர் ‘அஞ்சறைப் பெட்டி.’ தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினால் எந்த வரி, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் எந்த செட்டிங், பிரிண்டர் முறைத்துக்கொண்டால் எந்தக் கட்டளை என்று ரெண்டு மூன்று வரியாகச் சேர்த்துவைத்த கோட் துணுக்குகள். கடுகு கிள்ளிப் போடுவது போலப் போடுவாள், வேலை ஓடும்.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி கைவிட்டது. அவள் எழுதிய புது சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கி நாலாம் நாள். தோல் அளக்கும் சர்தார் பாஷா ஒவ்வொரு தோலின் சதுர அடியையும் அதில் அடிப்பார், பழைய நோட்டிலும் எழுதுவார். இரண்டு கூட்டுத்தொகையும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை. அன்றைக்கு இருநூற்றுப் பத்து தோலில் கம்ப்யூட்டர் கணக்கு நாற்பத்தைந்து அடி கம்மி.

மீசைக்கு மட்டும் டை அடிக்கும் மேனேஜர் கோபிநாத் வந்து நின்றார். “நாலு மணிக்கு கன்டெய்னர் கெளம்புது. அதுக்குள்ள ஒத்துச்சுன்னா சரி. இல்லன்னா நாளைலேர்ந்து நோட்டுதான். உன் சாஃப்ட்வேர ஊறுகா போட்டு வச்சிக்கோ.”

ரவுண்டிங் வரியை மாற்றினாள். தசம செட்டிங்கை மாற்றினாள். நெட்டில் யாரோ கொடுத்திருந்த துணுக்கையும் ஒட்டிப் பார்த்தாள். கம்மி கம்மியாகவே இருந்தது. ஒரு தடவையாவது ஜாஸ்தியாகித் தொலைக்கக் கூடாதா?

எரிச்சலோடு ஷெட்டுக்கு இறங்கினாள். அங்கே பாஷா அளந்துகொண்டிருந்த ஒரு தோலின் மூலையில் 12 என்று எழுதி, அதன் தலைமேல் குட்டியாக ஒரு 2 போட்டிருந்தது.

“இன்னா பாய் இது, தலைல ரெண்டு?”

“ரெண்டு காலும்மா. பன்னெண்டரை.”

“அப்ப பன்னெண்டு புள்ளி ரெண்டுன்னு அடிச்சீங்களே?”

“தலைல போட உன் மெஷின்ல எடமில்ல. பக்கத்துல போட்டேன்.”

“நாலு நாளா பேஜாராகிக் கெடக்கிறேன், சொல்லக் கூடாதா?”

“நீ கேக்கலியேம்மா. தோல் கம்பெனில இது தெரியாதவங்களும் இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பூர்ணிமா தலையில் அடித்துக்கொண்டு மாடியேறினாள். மூன்றே வரி. புள்ளிக்கு முன்னால் இருப்பது அடி, பின்னால் இருப்பதை நாலால் வகு, மூன்றுக்கு மேல் எது வந்தாலும் வாங்காதே. ஓடவிட்டாள். ஒன்பது தோலை வாங்காமல் துப்பியது. 18.5, 16.75, இப்படி.

பாயை போனில் பிடித்தாள். “புள்ளி அஞ்சு, புள்ளி எழுபத்தஞ்சுன்னு ஒம்பது இருக்கே, நீங்க அடிச்சதா?”

“ஜும்மா நேரத்துல நான் மசூதிக்குப் போய்ட்டேன். கோபிநாத் சார்தான் உக்காந்தாரு.” குரல் தணிந்தது. “அவருக்கும் கால் தெரியாது போல. வெளிய சொல்லாத.”

சரியாகவே அடித்திருந்த 18.5-ஐ 18.2 ஆக்கி, ஒன்பதையும் அவளே பாய் கணக்குக்குத் திருத்தினாள். மூன்றரைக்குக் கணக்கு நோட்டோடு அச்சாக ஒத்தது. தாளை கோபிநாத் மேஜையில் வைத்துவிட்டு, “நாளைக்கு நோட்டு எடுத்தாரட்டுமா சார்?” என்றாள்.

“இன்னாத்துக்கு நோட்டு? இதான் ஓடுதே” என்றார் அவர், தாளை விட்டுத் தலையைத் தூக்காமலே.

அந்த மூன்று வரியும் அஞ்சறைப் பெட்டிக்குள் போனது. தலைப்பு: ‘சார் அடித்த அரை.’