ஃபேன் கம்பத்தில் கட்டிய கேமரா

மெத்தைக்கடை அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பஞ்சு மூட்டைக்குள் கல்லை வைத்து எடை கூட்டிய ஒரு வியாபாரியை, அதே மூட்டையைத் தூக்கி அவன் முதுகில் போட்டே தெருவுக்குத் தள்ளியவள். கணவர் அதற்கு நேர்மாறு. கூரை இடிந்து விழுந்தாலும் ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். அக்கா கத்துவதும் அவர் தைப்பதுமாக இருபது வருடம் அந்தக் கடை ஓடியது.

கணவரின் தம்பி எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு வைத்துக் கடை திறந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. தொழிலை அண்ணனிடம் கற்றுக்கொண்டவன், அண்ணனின் வாடிக்கையாளர்களையே ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டான். பாதி விலைக்கு மெத்தை கொடுத்தான். அக்கா கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"வீடியோ எடுத்துப் போடப் போறேன்" என்றாள் அக்கா ஒருநாள்.

"பார்ப்போம்" என்றார் கணவர்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. செல்போன் ரிப்பேர்காரரிடம் போய், முதுகு விரிசல் விட்டிருந்தாலும் கேமரா நன்றாக இருந்த ஒரு பழைய போனையும் சட்டையில் குத்துகிற சின்ன மைக்கையும் வாங்கி வந்தாள். ஓடாத ஸ்டாண்டு ஃபேனின் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பத்தின் உச்சியில் போனை சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினாள். திருகாணியைத் தளர்த்தினால் கேமரா ஏறும், இறங்கும். இரண்டு பக்கமும் இரண்டு ட்யூப்லைட்டை நட்டு வைத்து, முகத்தில் அடிக்கிற வெளிச்சத்தை வெள்ளை மெத்தைத் துணியால் மூடி அடக்கினாள். முதல் வீடியோவில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது. அதற்கும் வழி கையருகிலேயே இருந்தது. வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டினாள். குரல் கணீரென்று விழுந்தது.

ஆனாலும் மெத்தை தைப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பத்துப் பதினைந்து வீடியோ போட்டும் சொந்தக்காரர்கள்தான் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒரு அம்மா, வாங்கி மூன்று மாதமே ஆன மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டதென்று தூக்கி வந்தார். நீலக் கோடும் சிவப்புப் பூவும் போட்ட உறை. கொழுந்தனின் சரக்கு. அக்கா கேமராவை ஓடவிட்டு, ஃபோம் வெட்டும் முழங்கை நீளக் கத்தியை எடுத்து, மெத்தையின் வயிற்றில் இறக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளேயிருந்து கந்தல் துணி, கிழிந்த சாக்கு, கறுத்துப்போன பழைய ஃபோம் எல்லாம் குடல்போலச் சரிந்தன.

"இதுமேலதான் உங்க குழந்தை படுக்குது" என்றாள் கேமராவைப் பார்த்து. கடையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்த உறையைத் தெரியாதவர் ஊரில் யார்?

கணவர் ஊசியைக் கீழே வைத்தார். "வேணாம். அவன் முரடன்."

"நானும்தான்" என்று சொல்லி வீடியோவைப் போட்டுவிட்டாள்.

மூன்றே நாளில் ஊரே பார்த்துவிட்டது. நான்காம் நாள் காலை, ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியோடு கொழுந்தன் உள்ளே நுழைந்தான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணி!"

"போட்டது நீ. சாக்கைத் திணிச்சு வித்தப்ப தெரியலையா?"

கம்பி சுழன்றது. ட்யூப்லைட் இரண்டும் வெடித்துச் சிதறின. ஃபேன் கம்பத்தை எட்டி உதைத்தான். கீழே விழுந்த போனைக் குதிகாலால் நசுக்கினான், மறுபடியும் நசுக்கினான். அக்கா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து, கன்னத்தில் அறைந்தாள். அவன் அவளைச் சுவரில் மோதும்படி தள்ளினான். எழுந்து வந்தவளின் வலது மணிக்கட்டில் கம்பி இறங்கியது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். கை தொங்கிவிட்டது.

கம்பி மறுபடி உயர்ந்தது. அக்காவின் இடது கைக்கு மேசைமேல் இருந்த கத்தி அகப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். மெத்தையில் இறங்குவதுபோலவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த உணர்வுதான் பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

கொழுந்தன் தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கீழே கிடந்த ஃபோம் ரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சிவந்தது. "அண்ணே... அண்ணே..." என்று முனகினான்.

அதுவரை தையல் மூலையில் சிலைபோல் நின்றிருந்த கணவர் ஓடினார். மனைவியிடம் அல்ல, தம்பியிடம். மெத்தைத் துணியைக் கிழித்துத் தொடையைச் சுற்றி முறுக்கினார், முழங்காலால் காயத்தை அழுத்திக்கொண்டு, "ஆட்டோவைக் கூப்பிடுங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். இருபது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. தொங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொழுந்தன் பிழைத்தான். அக்காவின் மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். வழக்கு நடந்தால் இருவருமே உள்ளே போகவேண்டியதுதான் என்று போலீசில் சொன்னதும், இரண்டு பக்கமும் சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா இடது கையால் போட்டாள்.

அதன்பின் ஒரு மாதம் அவள் கணவரோடு பேசவில்லை. அவர் சோற்றைப் பிசைந்து ஊட்டினார், தலை வாரிவிட்டார். கட்டு பிரித்த அன்றுதான் கேட்டாள்.

"ஏங்க அவன்கிட்ட ஓடுனீங்க?"

அவர் பிரித்த கட்டைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "உனக்கு எலும்பு. அவனுக்கு ரத்தம். அவன் செத்திருந்தா நீ ஜெயிலுக்குப் போயிருப்ப."

"அது மட்டும்தானா?"

"தம்பியும்தான்" என்றார்.

பொய் சொல்லாததற்காக அவளுக்கு அழுகை வந்தது. அதே காரணத்துக்காக அவரை அடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

இப்போது வேறொரு போனில் மறுபடி வீடியோ எடுக்கிறார்கள். அக்கா பேசுகிறாள், கணவர் வெட்டுகிறார். அவள் கத்தியைத் தொடுவதே இல்லை. மெத்தையைக் கிழிக்கிற வீடியோ போடுங்க அக்கா என்று இன்னமும் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவள் போடுவதில்லை. தினமும் காலையில் கணவர் தெருவைக் கடந்து போய், ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற தம்பிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு வருகிறார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். போகாதீங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை.