எருக்குழி ஓரத்து மண்

காரமடைக்கு முன்னால் எங்கள் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. எதிரே வேப்பமரத்தடியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனை வண்டி. விவசாயிகள் கொண்டுவரும் மண்ணைப் பேராசிரியை ஒருவர் வாங்கிப் பார்க்கிறார். மாணவிகள் பைகளில் பெயர் ஒட்டுகிறார்கள். வெயிலில் நிற்க முடியாமல் நானும் அங்கே ஒதுங்குகிறேன்.

ஸ்கூட்டரில் வந்த பெண் ஒருவர் மேசையில் பையை வைக்கிறார். சலித்த மண், கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. பேராசிரியை ஒரு கிள்ளு எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறார்.

"ஏனுங்க, இது எருக்குழி ஓரத்து மண்ணுங்களா?"

அந்தப் பெண் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். நான்தான் வாயை அடக்காமல் கேட்கிறேன்: "நல்ல மண்ணாப் பாத்து எதுக்குங்க கொண்டாந்தீங்க?"

"ஊட்டுக்கு ஆள் வந்தா ஒடஞ்ச டம்ளர்லயா காப்பி குடுப்போமுங்க?" என்று என்மேல் பாய்கிறார். "உங்க காட்டு மண்ணு செத்துப்போச்சு, வெலைக்குக் குடுத்துப்போடுங்கன்னு ஒரு கம்பெனிக்காரன் தெனமும் வாரான். அவன் மூஞ்சிக்கு நேரா நீட்ட ரிப்போர்ட்டு வேணுமுங்க."

"இந்த மண்ணுக்கு ரிப்போர்ட் குடுத்தா அவரே சிரிப்பாருங்க," என்கிறார் பேராசிரியை. "வெளையாத எடத்து மண்ணைக் கொண்டாங்க. என்ன கொறைன்னு பாத்து, உங்க காட்டுலயே பயிர் வெச்சுக் காட்டலாம். நாங்களும் வாரோமுங்க."

அந்தப் பெண் நல்ல மண்ணைச் சிந்தாமல் முடிந்துகொண்டு ஸ்கூட்டரை உதைக்கிறார்.

"அதையுங் கொண்டாரேன், இருங்க. வெளையாத மண்ணும் எங்க மண்ணுதானுங்க. அதுக்கும் வெல சொல்ல மாட்டோம்."