ஏரித் தண்ணீரும் யசோதாவின் கோபமும்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யசோதாவின் கண் டிவிக்கு மேலே இருக்கும் டப்பாவைத்தான் தேடும். பாதி தின்று மிச்சம் வைத்த மாத்திரை அட்டைகள் அதில்தான் கிடக்கும். கேட்காமலே திறப்பாள். "காய்ச்சல் நின்னுச்சுன்னு ரெண்டோட நிறுத்திட்டு, மீதிய யாருக்குச் சீதனம் குடுக்க வெச்சிகினு கீறே?" நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவில் பல வருடங்களாக இது நடக்கிறது. "டப்பாக்காரி வர்றா, ஒளிச்சு வைங்கடி" என்று எதிர்வீட்டுச் செல்லியம்மா குரல் கொடுப்பாள். யசோதா ஒரு நாளும் அதற்குச் சிரித்ததில்லை.

மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. கோபம் வந்தால் இடது காது மட்டும் சிவக்கும். திங்கள் காலை பஸ்ஸில் திருப்பதிக்குப் போனால் சனிக்கிழமைதான் ஊர் திரும்புவாள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், நீரில் வாழும் நுண்ணுயிரிகளின் மரபணுவை வாசிப்பது அவள் வேலை. மடியில் இருக்கும் பையில் ஏரித் தண்ணீர்ப் புட்டிகள். "திருப்பதில நீள்ளு லேதா, தண்ணியே இல்லியா? இங்கேர்ந்து மோந்துகினு போறே?" என்பார் கண்டக்டர். எடுத்த ஊரின் பெயரைப் புட்டி மேல் எழுதுவாள். அதில் வளரும் கிருமிக்கும் அதே பெயர்தான்.

ஊர் ஏரிக்கு மேலே மேட்டில் அவளுடைய சித்தப்பா பாலையாவின் கோழிப் பண்ணை. குஞ்சுகளுக்கு நோய் வருமுன்பே தண்ணீரில் மருந்து கலந்துவிடுவார். மிஞ்சியதும் பண்ணை கழுவியதும் கால்வாயில் ஓடி ஏரியில் விழும்.

"அந்த மருந்துல சாவாத கிருமிதான் சித்தப்பா ஏரில பெருகுது."

"செத்த கோழிய உன் லேபு எழுப்பிக் குடுக்குமா?"

போன மழைக்காலத்தில் மதகில் அடைத்த குப்பையை எடுக்க ஏரியில் இறங்கிய முனிகிருஷ்ணன், யசோதாவின் நைனா, கண்ணாடிச் சில்லை மிதித்துவிட்டார். போனில் கேட்டபோது, "மருந்து போட்டுகினுதான் கீறேன்" என்றார். ஆஸ்பத்திரி மருந்து என்று மகள் நம்பினாள். சனிக்கிழமை வந்து கட்டைப் பிரித்தால் பாதம் கறுத்துப் பளபளத்தது. காயத்தில் அப்பியிருந்தது பண்ணையில் கோழிக்குக் கலக்கும் மருந்துப் பொடி. தம்பி பாலையாதான் கொண்டு வந்திருக்கிறார். தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும் கொடுத்திருக்கிறார்.

"கோழிக்கு ஜோரா கேக்குது, அண்ணனுக்குக் கேக்காதான்னு..." பாலையா இழுத்தார்.

"எங்க நைனா என்ன உன் ஷெட்டுல முட்டையா வுடுறாரு?"

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஊசி மாற்றி ஊசி போட்டும் சீழ் அடங்கவில்லை. அதில் வளர்ந்தது ஏரோமோனாஸ். ஏரி குளங்களில் சாதாரணமாக வாழ்கிற கிருமி. யசோதா அதன் மரபணு முழுவதையும் வாசித்தாள். ஏரியிலிருந்து முன்பே அவள் எடுத்து வளர்த்ததும் இதுவும் ஒன்றுதான். சதையைக் கரைக்கும் நஞ்சு அதன் பிறவிச் சொத்து. மருந்துகளை முறிக்கும் மரபணுக்கள் வந்து சேர்ந்தவை. ஒரு கிருமி இன்னொன்றுக்கு எடுத்துக் கொடுக்கும்படி, சிறு வளையமாக இருந்தன. பாலையா கலக்கும் மருந்தை முறிப்பதும் அதற்குள் இருந்தது. டாக்டர்கள் கடைசியாகத் தேடிப்பிடித்த ஊசி கேட்டது. அதற்குள் விரல்கள் அழுகிவிட்டன.

மரபணு முடிவை அச்சடித்த தாளைப் பண்ணைக்கே கொண்டுபோய்ச் சித்தப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"நைனா காலு புரியுதில்ல?"

பாலையா தாளைப் பார்க்கவில்லை. கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முனிகிருஷ்ணனுக்கு இப்போது வலது காலில் விரல்கள் இல்லை. கழி ஊன்றி நடக்கிறார். பாலையா வாரம் தவறாமல் அண்ணனுக்கு முட்டை அனுப்புகிறார். பண்ணைக் கால்வாய் இன்றும் ஏரியில்தான் விழுகிறது. ஞாயிறு மாலை யசோதா அந்த இடத்தில் குனிந்து தண்ணீர் மொள்கிறாள். புட்டியைத் துடைத்துவிட்டு, ஊர்ப் பெயர் எழுத வேண்டிய இடத்தில், பாலையா என்று எழுதுகிறாள்.