மணலுக்குள் போன கூடைக்காரி

தொண்ணூறுகளில் என் மனைவி மைசூர் அக்ரஹாரத்துச் சந்து ஒன்றில் தகரக் கொட்டகை போட்டுக் கல்லில் சிலை செதுக்கிக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் கடைகளுக்குப் போகிற கையடக்கப் பிள்ளையார்கள். அப்போதுதான், மங்களூருக்கு வடக்கே கடற்கரை மணல்மேட்டில் சிற்பத் தோட்டம் போடுகிறவர்கள் அவளிடம் ஆளுயரச் சிலை கேட்டார்கள். அவள் பெயரோடு நிற்கப்போகும் முதல் சிலை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு அதைவிட ஒரு படி அதிகம்.

தலையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கூடைக்காரி ஒருத்தியைச் செதுக்கினாள். எங்கள் பக்கத்தில் எந்தச் சிலைக்கும் பீடத்துக் குழியில் இறங்குவதற்காக அடியில் ஒரு முளை விடுவார்கள். கைப்பழக்கம், இதற்கும் விட்டுவிட்டாள். போய்ப் பார்த்தால் அங்கே பீடமே கிடையாது. கல்லை மணலில் அப்படியே வைப்பதுதான் தோட்டத்து முறை. கட்டை கட்டி ஆட்கள் தூக்கிவந்து வைத்தார்கள். முதல் மழையிலேயே முளை ஆணிபோல இறங்கி, கூடைக்காரி மார்பு வரை புதைந்தாள்.

இனி வெளியே எடுக்க கிரேன் வேண்டும். கிரேன் ஏறினால் மணலைப் பிடித்திருக்கும் கொடிகள் அறுந்துபோகும், மேடு சரியும், பின்னால் இருக்கிற மீனவர் வீடுகளுக்குள் கடல் வந்துவிடும் என்று தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கன்னடத்தில் சொன்னார்.

"ஒரு கிரேன் வந்துட்டுப் போனா என்ன ஆயிடும்? நான் பேசறேன்," என்றேன்.

"பேடாங்க, வேண்டாம். வீடுங்க இருக்கு," என்றாள் என் மனைவி.

"உன் சிலை போயிடும்டி."

"போனா போகட்டும், விடுங்க."

மைசூர் வரும்வரை பஸ்ஸில் அவளோடு நான் பேசவில்லை. அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருடம் கூடையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அதற்கடுத்த முறை அதுவும் இல்லை. ஊதாப் பூவோடு கொடி படர்ந்திருந்தது. அவள் அதை மிதிக்காமல் சுற்றிப் போய், மேட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஒரு வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"எல்லா வீடும் இருக்கு," என்றாள்.

அதன் பிறகு அவளிடம் யாரும் பெரிய சிலை கேட்கவில்லை. அந்தத் துணிகளைப் பார்த்தபோது எனக்கு வந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. நியாயம் அவள் பக்கம் இருப்பதால்தான் தீரமாட்டேன் என்கிறது.