கோச் சொன்ன குறை

எங்கள் வீட்டு ரீவியின் சத்தம் பகலில் எப்போதும் பூச்சியத்தில்தான் இருக்கும். திரையின் மூலையில் பச்சை நிறத்தில் அந்தப் பூச்சியம் கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டு மறையும். தொண்ணூறுகளில் நாங்கள் ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, யன்னலில் போர்வை அடித்த அறைக்குள் போய்ப் படுப்பார். அவர் எழும்பும்வரை அம்மா கிரைண்டர் போடமாட்டார். ரெலிபோனுக்கு மேல் தலையணை கிடக்கும். நான் குதிக்கால் நிலத்தில் படாமல் நடக்கப் பழகியிருந்தேன். யாரும் அதட்டிப் பழக்கியதல்ல, அந்த வீட்டில் வளர்ந்தால் அது தானாக வந்துவிடும். சனி ஞாயிறு பகல்களில் ரீவியில் ஐஸ் ஹொக்கி போனால் அதையும் சத்தமில்லாமல்தான் பார்ப்பேன். வர்ணனை கிடையாது. யார் வருகிறான், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாததால் நான் எல்லா இடத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பள்ளித் தோழி ஒருத்தியின் புண்ணியத்தில் நானும் ஒரு பெண்கள் அணியில் சேர்ந்தேன். யாரோ போட்டுக் கழித்த கவசங்களும் சப்பாத்துகளும் அங்கேயே கிடைத்தன. என்னைப் பின்வரிசையில் டிஃபென்ஸில் விட்டார்கள். ‘பொம்பிளைப் பிள்ளைக்கு ஹொக்கியோ’ என்று தெரிந்த அன்ரிமார் அம்மாவைக் கேட்காத நாளில்லை. அம்மா சிரித்து மழுப்பிவிடுவார். அப்பா என்னை அரீனா வாசலில் இறக்கிவிட்டு, கார் பார்க்கில் சீற்றைச் சாய்த்து நித்திரை கொள்வார். முடிந்து வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்புவேன், அதையும் மெல்லத்தான் தட்டுவேன்.

பருவத்தின் கடைசி மாட்ச் முடிந்ததும் கோச் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார். அன்றுதான் அப்பா முதன்முதலாக அரீனாவுக்குள் வந்தார். தொழிற்சாலை ஜக்கெற்றோடு, பள்ளிக்கூட அதிபருக்கு முன்னால் நிற்பதைப்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோச் நல்லவற்றில் தொடங்கினார். பக் என்கிற ரப்பர் வட்டு எங்கே போகப்போகிறது என்பது இவளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட முன்னரே தெரிந்துவிடுகிறது என்றார். எதிரணிக்காரியைத் துரத்தாமல் அவள் வரும் வழியில் போய் நிற்கிறாளாம். பக் கிடைத்தால் பதறாமல் சரியான ஆளுக்குக் கொடுக்கிறாளாம். பின்பக்கமாகச் சறுக்கும்போது இடப்பக்கம் திரும்பத் தடுமாறுகிறாள், அது பழகினால் சரிவரும் என்றார். பிறகு குரலைத் தணித்து, ஆனால் இவள் மிகவும் அமைதி, வாயே திறப்பதில்லை என்றார். பின்னால் நிற்பவளுக்குத்தான் முழுத் தளமும் தெரியும். முன்னால் பக்கை எடுக்கக் குனிந்திருப்பவளுக்கு, பின்னால் ஆள் வருவதை இவள்தான் கத்திச் சொல்ல வேண்டும். அடுத்த பருவம் வெளியூர்களுக்குப் போய் ஆடும் அணிக்கு இவளை எடுக்க எனக்கு ஆசை, வாய் திறக்காவிட்டால் எடுக்க முடியாது என்று முடித்தார்.

அந்த அணியைத் தவிர வேறொன்றும் அந்த வயதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் முகமோ மலர்ந்திருந்தது. தெரிந்த ஆங்கிலத்தில், வீட்டிலும் இவள் அப்படித்தான், இருக்கிற இடமே தெரியாது என்று பெருமையோடு சொல்லி, கோச்சின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். கோச் என்னைப் பார்த்தார். நான் சப்பாத்தைப் பார்த்தேன். அப்பாவிலும் பிழையில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பெண் பிள்ளையை அமைதி என்று சொன்னால் அதற்கு மேல் நற்சாட்சிப் பத்திரம் கிடையாது.

காரில் அப்பா நல்ல சந்தோஷமாக இருந்தார். “கேட்டனியே? வெள்ளைக்காரனே சொல்லுறான், அமைதியான பிள்ளை எண்டு. அம்மாட்டைச் சொல்ல வேணும்.”

“அப்பா, அவர் அதைக் குறையாச் சொன்னவர். நான் கத்தாட்டி ரீமிலை எடுக்கமாட்டினமாம்.”

“குறையோ?” ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப கத்தன், பிள்ளை. அதிலை என்ன கஷ்டம்?”

“வருகுதில்லை.”

“ஏன் வருகுதில்லை?”

“நீங்கள் நித்திரை எல்லே.”

யோசித்துச் சொன்ன பதில் இல்லை, வாயில் வந்துவிட்டது. அப்பா எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய சந்தியைத் தாண்டிப் போய்விட்டு, அடுத்த சந்தியில் திருப்பிக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை வேலையால் வந்தவர் படுக்கப் போகவில்லை. சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்துவிட்டு, “பிள்ளை, உன்ரை ஹொக்கித் தடியை எடுத்துக்கொண்டு வா” என்றார். கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்தும் நிலவறைக்குப் போனோம். அப்பா தடியை, வீடு கூட்டும் தும்புத்தடியைப் பிடிப்பதைப்போல் பிடித்துக்கொண்டு, கார்கள் இறங்கி வரும் பாதைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு ரென்னிஸ் பந்தைச் சுவரில் தட்டத் தொடங்கினார். “நான் திரும்பிப் பாக்கமாட்டன். கார் வந்தா நீதான் சொல்ல வேணும்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வெளிச்சம் போட்டுக்கொண்டு ஒரு கார் மெதுவாக இறங்கி வந்தது. “அப்பா, கார்” என்றேன். எனக்கே கேட்கவில்லை. அப்பா பந்தைத் தட்டிக்கொண்டே நின்றார். கார் வளைவில் திரும்பியது. அப்பா அசையவில்லை. அப்போது எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது கொங்கிறீற்றில் மோதி நாலு பக்கமும் எதிரொலித்தது. அப்பா விலகி நின்று, காரை ஓட்டி வந்தவருக்குக் கையைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். நித்திரையில்லாமல் கண்கள் சிவந்திருந்தன, முகம் முழுக்கச் சிரிப்பு. “உந்தச் சத்தத்தை இவ்வளவு நாளும் எங்கையடி ஒளிச்சு வைச்சிருந்தனி?”

அணித் தேர்வு வரைக்கும் சனிக்கிழமைகளில் அது நடந்தது. அத்தோடு விடவில்லை. வீட்டில் பகலில் ரீவியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ‘உங்களுக்கு விசரே, எப்பிடி நித்திரை கொள்ளுவியள்’ என்று அம்மா சண்டை பிடித்தார். “அவள் கத்திப் பழகட்டும். நான் பஞ்சு வைச்சுக்கொண்டு படுக்கிறன்” என்றார் அப்பா. தேர்வன்று, பக்கை எடுக்கக் குனிந்த சோடிக்காரிக்கு நான் அவசரத்தில் “பின்னாலை!” என்று தமிழில் கத்தினேன். தமிழின் வாசனையே அறியாத அந்தப் பிள்ளை சட்டென்று விலகினாள். கோச் கைதட்டினார். என்னை எடுத்தார்கள். சில வருடங்கள் ஆடினேன், பெரிய ஆட்டக்காரியாகவெல்லாம் வரவில்லை, இடப்பக்கம் திரும்புவது கடைசிவரை சரிவரவுமில்லை. ஆனால் இன்றைக்கு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நேர்ஸாக நின்று நான் குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இப்போது நானும் இரவு வேலை செய்கிறேன். பகல் நித்திரை ஓர் உடம்புக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் அப்பா எனக்காக விட்டுக்கொடுத்தார். அந்த நன்றியை அவரிடம் நேரே சொல்ல எனக்கு இன்னும் வெட்கம்.

இப்போது நாங்கள் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கிறோம். ஓய்வுபெற்ற அப்பா பகலில் சோபாவிலேயே கண்ணயர்ந்துவிடுவார். போன ஞாயிறு என் மகன் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. நான் கால் நுனியில் நடந்து போய், என்னையறியாமல் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. “ஏன் குறைச்சனி, பிள்ளை? சத்தத்தைக் கூட்டு” என்றார்.

கூட்டினேன். அவர் திரும்பவும் நித்திரையாகிவிட்டார்.